ஒரே பாட்டு, இரண்டு ஊர்

(பட்டிமன்றத் தலைப்பு: சமூக மாற்றத்துக்குப் பெரிதும் காரணமாவது மக்கள் பாடும் பாட்டா, தீவிர அரசியலா? ‘தீவிர அரசியலே’ என்ற அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அருமையாகப் பாடினார். பாடிய இடத்திலெல்லாம் கைதட்டல். நானும் தட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது? பாட்டு அணிக்கு இந்த வசதி எப்போதும் உண்டு. வாதம் தடுமாறுகிற இடத்தில் இரண்டு வரி எடுத்துவிட்டால் போதும். எங்கள் பிழைப்பு அப்படி இல்லை. ஒரு சங்கத்தின் செயற்குழுத் தீர்மானத்தை நான் இங்கே ராகம் போட்டு வாசித்தால் நடுவர் ஐயாவே மணியை அடித்துவிடுவார். ஆனாலும் பாருங்கள், வரலாற்றில் ஒரு சட்டம் மாறிய இடம், ஒரு சர்வாதிகாரி இறங்கிய இடம் என்று தேடிப் போனால் அங்கே அந்தச் செயற்குழுத் தீர்மானம் கிடக்கிறது. பாட்டும் கிடக்கும். இரண்டில் எது வேலையைச் செய்தது என்பதுதான் இன்றைய வழக்கு.

முதலில் வரம்பைப் போட்டுக்கொள்வோம். எதிரணித் தலைவர் ‘தீவிர அரசியல்’ என்று சொல்லும்போதெல்லாம் கையைத் துப்பாக்கி மாதிரி வைத்துக் காட்டினார். சபை சிரித்தது, சரி. நாங்கள் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. இருக்கிற ஏற்பாட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுப் போகாமல் அதன் அடித்தளத்தில் கை வைப்பது, அதற்கு ஆள் சேர்ப்பது, கோரிக்கையை வகுப்பது, வரி கட்ட மாட்டோம், பேருந்தில் ஏற மாட்டோம், வேலைக்கு வர மாட்டோம் என்று எதிராளிக்கு வலிக்கிற இடம் பார்த்து நிற்பது. இதைத்தான் தீவிர அரசியல் என்கிறோம். பாட்டையும் நான் சுருக்கப் போவதில்லை. வானொலியில் வருவது, கச்சேரி மேடையில் வருவது, ஊர்வலத்தில் ஊரே சேர்ந்து பாடுவது எல்லாமே எதிரணியின் கணக்கில் இருக்கட்டும்.

சகோதரி முதலில் எடுத்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘வீ ஷல் ஓவர்கம்’. அந்தப் பாட்டு இல்லையென்றால் அந்த இயக்கமே இல்லை என்றார். அந்தப் பாட்டு எந்த வழியாக வந்தது என்று பார்ப்போமா? 1945இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேவாலயத்தில் பாடிவந்த ஒரு பழைய பாட்டை அங்கிருந்த பெண்கள் மறியலில் தங்களுக்கு ஏற்றபடி பாடினார்கள். அவர்களில் சிலர் டென்னசியில் இருந்த ஹைலாண்டர் என்ற பள்ளிக்குப் போனார்கள். சங்கம் கட்டுவது எப்படி, போராட்டம் நடத்துவது எப்படி என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளி அது. பாட்டு அங்கே தங்கியது. 1960 ஏப்ரலில் ராலி நகரில் கறுப்பின மாணவர்களின் ஒருங்கிணைப்புக் குழு தொடங்கிய கூட்டத்தில், ஹைலாண்டரில் இருந்து வந்த கை கேரவன் அதைப் பாடினார். அதன் பிறகுதான் தெற்கு முழுக்கப் பரவியது. ஒரு வேலைநிறுத்தம், ஒரு சங்கப் பள்ளி, ஒரு மாணவர் அமைப்பு. இந்த மூன்று தோளும் இல்லையென்றால் அந்தப் பாட்டு சார்ல்ஸ்டனைத் தாண்டியிருக்குமா?

சரி, பரவிவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? இதற்கு வரலாறே ஒரு பரிசோதனை நடத்தி வைத்திருக்கிறது. இங்கே நடுவர் ஐயா கொஞ்சம் கூடுதல் நேரம் தர வேண்டும், ஏனென்றால் என் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்று ஓர் ஊர். 1961 கடைசியில் அங்கே நிறவெறிப் பிரிவினைக்கு எதிராக இயக்கம் தொடங்குகிறது. அந்தக் காலப் போராட்டங்களிலேயே அதிகம் பாடிய ஊர் என்று பெயரெடுத்தது ஆல்பனி. தேவாலயத்தில் பாட்டு, ஊர்வலத்தில் பாட்டு, போலீஸ் வண்டியில் பாட்டு, சிறைக்குள்ளும் பாட்டு. ஃப்ரீடம் சிங்கர்ஸ் என்ற புகழ்பெற்ற குழு 1962இல் உருவானதே அந்தப் போராட்டத்திலிருந்துதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். மார்ட்டின் லூதர் கிங்கே வந்து இறங்கினார். எதிரணியின் கணக்குப்படி இதைவிட வெற்றிக்கு என்ன வேண்டும்?

அந்த ஊரின் போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் கெட்டிக்கார மனிதர். கிங் எப்படிப் போராடுகிறார் என்று முன்கூட்டியே படித்து வைத்திருந்தார். தன் ஆட்களிடம் தடியைத் தூக்காதே என்று சொல்லிவிட்டார். கேமரா பார்க்கிற இடத்தில் கைது ரொம்ப மரியாதையாக நடந்தது. சிறையை நிரப்பினால் நிர்வாகம் திணறும் என்பது போராட்டக்காரர்களின் திட்டம். பிரிட்செட் சுற்றுவட்டாரத்துச் சிறைகளையெல்லாம் பேசி வைத்துக்கொண்டு, பிடிபட்டவர்களை அங்கே அனுப்பினார். அவர் சிறை நிரம்பவே இல்லை. 1962 ஜூலையில் கிங்கும் அவருடைய தோழர் ரால்ஃப் அபர்நாதியும் அபராதம் கட்ட மாட்டோம் என்று சிறைக்குள் போனார்கள். ‘யாரோ ஒருவர்’ வந்து அபராதத்தைக் கட்டிவிட்டதாகச் சொல்லி இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்! எத்தனையோ இடத்திலிருந்து என்னைத் துரத்தியிருக்கிறார்கள், சிறையிலிருந்தே துரத்தியது இப்போதுதான் என்கிற பொருளில் அபர்நாதி பேசினார். ஆகஸ்டில் கிங் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நகராட்சி உருப்படியாக எதையும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை.

குரலில் குறை இருந்ததா? இல்லையே. எங்கே பிசகியது என்று கிங்கே பிறகு சொன்னார். ஒரு குறிப்பிட்ட அநீதியைக் குறிவைக்காமல் எல்லாப் பிரிவினையையும் மொத்தமாக எதிர்த்தோம். கடைக்காரர்களை நெருக்காமல் அரசியல் அதிகாரிகளை நெருக்கினோம். நமக்கு வாக்கில்லாத ஊரில் அவர்கள் ஏன் அசையப் போகிறார்கள்? இதுதான் அவர் கண்ட பாடத்தின் சாரம். இதில் சுருதியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அடுத்த ஆண்டு, 1963 வசந்த காலம், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம். அதே கிங். அதே தேவாலயக் கூட்டம். அதே பாட்டு. ஆனால் இந்தத் தடவை போராட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே வயட் டீ வாக்கர் என்ற ஒருவர் கடைவீதியில் சுற்றிக்கொண்டிருந்தார். பெரிய கடைகளுக்குள், கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது என்றிருந்த சாப்பாட்டு மேடைகளில் எத்தனை இருக்கை என்று எண்ணினார். பதினாறாம் தெரு தேவாலயத்திலிருந்து அங்கே நடந்துபோக ஒரு பையனுக்கு எவ்வளவு நேரம், நடுவயதுக்காரருக்கு எவ்வளவு, முதியவருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். ஈஸ்டர் பண்டிகை வியாபார நேரத்தைக் குறி வைத்தார்கள். கறுப்பின மக்கள் அந்தக் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். மே 2ஆம் தேதி முதல் பள்ளிப் பிள்ளைகள் அணி அணியாகத் தெருவுக்கு வந்தார்கள். ஆல்பனியில் நிரம்பாத சிறை இங்கே நிரம்பி வழிந்தது. புல் கானர் என்ற அதிகாரி பொறுமை இழந்து நாயை ஏவினார், தீயணைப்புக் குழாயைத் திருப்பினார். நாடே பார்த்தது. மே 10ஆம் தேதி உடன்பாடு. சாப்பாட்டு மேடைகளைத் திறந்துவிட வணிகர்கள் சம்மதித்தார்கள்.

இரண்டு ஊரிலும் பாட்டு இருந்தது. ஒன்றில் தோல்வி, மற்றதில் வெற்றி. இரண்டிலும் பொதுவாக இருந்ததை வெற்றிக்குக் காரணம் என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வீர்கள்? நாற்காலியை எண்ணிய மனிதரின் பேர் இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு எல்லோருக்கும் தெரியும். புகழ் ஒரு பக்கம் போகிறது, வேலை இன்னொரு பக்கம் நடக்கிறது. எதிரணி புகழைக் காட்டி வேலை என்கிறது.

‘பாட்டில்லாமல் கூட்டம் எப்படிச் சேரும்?’ என்று எதிரணித் தலைவர் கேட்டார். 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரியில் இருந்த படியெடுக்கும் இயந்திரத்தில் துண்டறிக்கை அடித்தார். ஒரு தாளில் மூன்று அறிக்கை. அடித்து, வெட்டி, கட்டி, பல்லாயிரக்கணக்கில் மறுநாள் ஊர் முழுக்கச் சேர்த்துவிட்டார்கள். அவர் சார்ந்த பெண்கள் அமைப்பு பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி முன்பே யோசித்து வைத்திருந்தது. டிசம்பர் 5 காலையில் பேருந்துகள் காலியாக ஓடின. புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பாடினார்களா? பாடினார்கள், கூட்டம் கூட்டமாகப் பாடினார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் வேலைக்குப் போக ஜனங்களுக்குக் கார் ஏற்பாடு செய்தது பாட்டு அல்ல.

அடுத்து போர்ச்சுகல். 1974 ஏப்ரல் 25 அன்று ஒரு பாட்டு வானொலியில் ஒலித்தது, சர்வாதிகாரம் விழுந்தது என்று எதிரணியின் தம்பி கண்கலங்கச் சொன்னார். நள்ளிரவு தாண்டி 12.20க்கு ‘கிரான்டோலா’ என்ற மக்கள் பாட்டு ஒலித்தது உண்மை. தம்பி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்கு முன்னால், இரவு 10.55க்கு, முதல் சமிக்ஞையாக இன்னொரு பாட்டு ஒலித்தது. அது புரட்சிப் பாட்டா? இல்லை. காதல் முறிந்த ஒருவன் பாடுகிற பாட்டு. அந்த ஆண்டு யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பி, கடைசி இடத்துக்காரர்களில் ஒன்றாக வந்த பாட்டு! யாருக்கும் சந்தேகம் வராது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961 முதல் நடந்த முடிவில்லாத போரில் வெறுத்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள் மாதக்கணக்கில் ரகசியமாகக் கூடிப் பேசி, யார் எந்த வானொலி நிலையத்தைப் பிடிப்பது, யார் எந்தச் சாலையை மறிப்பது என்று பிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாட்டு அவர்களுக்கு அலார மணி. அலாரம் அடித்ததால்தான் பொழுது விடிந்தது என்று சொல்லலாமா தம்பி?

எஸ்தோனியாவைச் சொன்னீர்கள். ‘பாடும் புரட்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள், இனி என்ன பேச்சு என்றீர்கள். 1988 செப்டம்பரில் தாலின் நகரின் பாட்டுத் திடலில் சுமார் மூன்று லட்சம் பேர் கூடினார்கள். சிறிய நாடு, நினைத்தாலே மெய்சிலிர்க்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாட்டில் பாட்டுத் திருவிழா 1869இலிருந்து நடக்கிறது. சோவியத் ஆட்சி வந்த பிறகும் 1947இலிருந்து தொடர்ந்து நடந்தது. 1960 முதல் அவர்களுடைய தாய்நாட்டுப் பாட்டையும் அங்கே பாடிவந்தார்கள். அத்தனை ஆண்டும் குரல் இருந்தது, கண்ணீர் இருந்தது, சோவியத் ஆட்சியும் இருந்தது. 1988இல் புதிதாக வந்தது என்ன? மாஸ்கோவில் பிடி தளர்ந்தது. அந்த இடைவெளியில் ஏப்ரல் மாதம் மக்கள் முன்னணி அமைந்தது. நவம்பரில் எஸ்தோனிய நாடாளுமன்றமே எங்கள் சட்டம்தான் மேலானது என்று இறையாண்மைப் பிரகடனம் செய்தது. அதைவிடத் துணிச்சலான வேலை 1989இல் தொடங்கியது. குடிமக்கள் குழுக்கள் என்று அமைத்து, ஆக்கிரமிப்புக்கு முந்தைய குடியரசின் குடிமக்கள் யார் யார் என்று ஆள் ஆளாகப் பதிவு செய்தார்கள். மேஜை, நோட்டு, பேனா. இதைப் படமெடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ராணுவக் கவிழ்ப்பு முயற்சி நடந்த அந்தக் குழப்பத்தில், 20ஆம் தேதி இரவே விடுதலையை அறிவிக்க முடிந்தது என்றால், தீர்மானம் எழுதத் தெரிந்த கைகள் தயாராக இருந்தன என்று அர்த்தம்.

‘கத்தியின்றி ரத்தமின்றி’ பாடாமல் ஒரு பட்டிமன்றம் முடியுமா? அதையும் பாடினார்கள். நாமக்கல் கவிஞர் 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரைக்காக எழுதியது. யாத்திரைக்காகப் பாட்டு, பாட்டுக்காக யாத்திரை இல்லை. தொண்டர்களுக்கு யாரும் சோறோ தங்க இடமோ கொடுக்கக் கூடாது என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவன் யார் என்று போலீஸ் எந்த மரத்தைக் கேட்கும்? உத்தரவைத் தோற்கடித்தது அந்தப் பொட்டலம்.

இப்போது ஒரு தாயையும் மகனையும் பற்றிச் சொல்கிறேன். பாட்டின் பக்கம் நிற்பவர்கள் எல்லோருக்கும் பிடித்த பெயர் நைஜீரியாவின் ஃபேலா குட்டி. ராணுவத்தைக் கிண்டல் செய்து அவர் போட்ட பாட்டு நாடு முழுக்க ஓடியது. கோபத்தில் 1977 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான ராணுவத்தினர் அவர் வீட்டை முற்றுகையிட்டு எரித்தார்கள். அவருடைய வயதான தாயை மேல்மாடிச் சன்னலிலிருந்து வீசினார்கள். அந்த அம்மா மறு ஆண்டு இறந்துபோனார். இவ்வளவையும் எதிரணி சொன்னது. அந்த அம்மா யார் என்று சொல்லவில்லை.

ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. அபியோகுட்டா நகரில் படித்த பெண்களுக்காக ஒரு சிறு சங்கம் நடத்திவந்த ஆசிரியை. சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்கள் அவரிடம் வந்து, அதிகாரிகள் எங்கள் அரிசியைப் பறிக்கிறார்கள், எங்கள்மேல் தனியாக வரி போடுகிறார்கள் என்று முறையிட்டபோது அந்தச் சங்கத்தின் குணமே மாறியது. படித்தவர்கள் சங்கம் சந்தைப் பெண்களின் சங்கமாயிற்று. 1947இல் ஆயிரக்கணக்கான பெண்கள் உள்ளூர் மன்னர் அலாக்கேயின் அரண்மனைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் பிரதிநிதியாக வரி வசூலித்தவர் அவர். இந்த அம்மா வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். கண்ணீர்ப்புகை வந்தால் மூக்கையும் வாயையும் துணியால் எப்படி மூடுவது, விழுந்த குண்டை எப்படி எடுத்துத் திருப்பி எறிவது என்று வியாபாரிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மனு எழுதினார். 1949 ஜனவரியில் மன்னர் பதவி விலகினார். பெண்கள் மீதான வரி நீங்கியது. நிர்வாக சபையில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. நிற்க, அந்த மன்னர் 1950 கடைசியில் திரும்பி வந்துவிட்டார் என்று எதிரணி எழுந்து சொல்லும், நானே சொல்லிவிடுகிறேன். அரசியலில் வாங்கியதைக் காவல் காக்கவும் வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்கள் அரண்மனை வாசலில் பாடவில்லையா என்றும் கேட்பீர்கள். பாடினார்கள். மன்னரின் மானம் போகிற மாதிரி வசைப்பாட்டு! ஆனால் வரி கட்ட மறுத்த கூட்டத்தின் வசைப்பாட்டு அது. மகனுடைய பாட்டுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். அவர் 1997இல் இறக்கும்போது நைஜீரியாவில் ராணுவ ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. மகனை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பட்ட அடிக்கு முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம்? அவருக்குப் பின்னால் அந்தச் சந்தைப் பெண்களைப் போல ஒரு கட்டுக்கோப்பான கூட்டம் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

ஜமைக்காவுக்கும் ஒரு நிமிடம். 1978 ஏப்ரல் 22, கிங்ஸ்டன் நகரில் அமைதிக் கச்சேரி. மேடையில் பாப் மார்லி, பாடிக்கொண்டே, ஒருவரையொருவர் பரம எதிரியாக நினைத்த இரண்டு கட்சித் தலைவர்கள் மைக்கேல் மான்லி, எட்வர்ட் சியாகா இருவரையும் அழைத்து, அவர்கள் கைகளைத் தன் கையோடு சேர்த்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். அந்தப் புகைப்படம் இன்றும் சுவரொட்டியாக விற்கிறது. கச்சேரிக்கு முன்கை எடுத்த எதிரெதிர் கும்பல்களின் தலைவர்கள் இருவரும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1980 தேர்தல் ஆண்டின் வன்முறையில் செத்தவர்கள் சுமார் 800 பேர். கட்சிகள் கும்பல்களுக்கு ஆயுதம் கொடுத்து வாக்கு வாங்கும் ஏற்பாடு அப்படியே இருந்தது. மூன்று கைகள் சேர்ந்தன, கீழே எதுவும் அசையவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பாட்டு எப்போதும் நல்லவர்கள் பக்கம்தான் நிற்கிறதா? பாப் மார்லியின் பாட்டைத் தானும் பாடி 1974இல் பெரும் வெற்றி பார்த்த எரிக் கிளாப்டன், 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசி, இனவெறி அரசியல்வாதி ஈனக் பவலுக்கு ஆதரவு கேட்டார். கறுப்பினத்தவரின் இசை கையில், அவர்களை விரட்டு என்ற பேச்சு வாயில். அதற்குப் பதிலடியாக ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ உருவானது. அதுவும் பாட்டு இயக்கம்தானே என்பீர்கள். அதைத் தொடங்கியவர்களில் இடதுசாரிச் செயல்பாட்டாளர்கள் இருந்தார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்குப் பெரும் ஊர்வலம் நடத்திக் கச்சேரி வைத்தபோது கூடவே நாஜி எதிர்ப்பு லீக் என்ற அமைப்பு நின்றது. கிட்டாருக்குத் தானாக ஒரு கொள்கை கிடையாது, யாராவது கொடுக்க வேண்டும்.

கொடுப்பவன் கெட்டவனாக இருந்தால்? 1994இல் ருவாண்டாவில் வெறுப்பு வானொலி ஒன்று சிமோன் பிகின்டி என்ற பிரபலப் பாடகரின் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டது. வெளியே டுட்சி இன மக்களை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தார்கள். 2008இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. எதற்கு என்று பாருங்கள். பாட்டுக்காக அல்ல. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய், டுட்சி மக்களைக் கொல்லும்படி நேரடியாகப் பேசியதற்காக. பாட்டு எந்தக் கைக்கும் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியாது. மேலே பேசவும் மனம் வரவில்லை.

அந்த அளவுக்குப் போகாவிட்டால் பாட்டை விற்றுவிடுவார்கள். ‘ரெவல்யூஷன்’ என்று பீட்டில்ஸ் பாடினார்கள் அல்லவா? 1987இல் அந்தப் புரட்சி நைக்கி காலணி விளம்பரத்தில் ஓடியது. வேலையிழந்து நிற்கும் வியட்நாம் போர்வீரனைப் பற்றி ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடிய பாட்டு வெளிவந்த 1984இல், அதிபர் ரீகன் தேர்தல் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, அமெரிக்கக் கனவுக்குச் சாட்சியாக்கினார். பாட்டை அதற்கு எதிராகவே பயன்படுத்தலாம். வேலைநிறுத்த நோட்டீஸைக் காலணி விளம்பரத்தில் பயன்படுத்தி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கடைசியாக, சகோதரி உருக்கமாகச் சொன்ன சிலி. 1970இல் அதிபர் தேர்தலில் வென்ற இடதுசாரித் தலைவர் அயேந்தேயின் பின்னால் தொங்கிய பதாகையில் ‘பாட்டில்லாமல் புரட்சி இல்லை’ என்று எழுதியிருந்தது. 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாடகர் விக்டர் ஹாராவை விளையாட்டரங்கில் அடைத்து, சித்திரவதை செய்து, உடம்பெல்லாம் தோட்டாவால் துளைத்துக் கொன்றார்கள். பாட்டைக் கண்டு பயந்ததால்தானே கொன்றார்கள் என்றார் சகோதரி. பயந்தார்கள், உண்மை. ஆனால் அவர் வெறும் பாடகர் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். பிடித்தது பல்கலைக்கழகத்தில், மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் எதிர்த்து நின்றபோது. தென்னாப்பிரிக்காவில் 1964இல் பாடிக்கொண்டே தூக்குமேடைக்குப் போன வுயிசிலே மினியும் அப்படித்தான். பாட்டுக் கட்டியவர், தொழிற்சங்கம் கட்டியவர். தூக்கில் போட்ட அரசு எந்த மினியைக் கண்டு அதிகம் பயந்தது?

அந்தச் சிலியில் சர்வாதிகாரி பினோச்சே போனது எப்படி? 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பு. அவர் இன்னும் எட்டு ஆண்டு நீடிக்கலாமா, கூடாதா? ‘கூடாது’ அணிக்கு தினமும் இரவு நேரத்தில் தொலைக்காட்சியில் 15 நிமிடம், மொத்தம் 27 நாள். ‘ஆனந்தம் வருகிறது’ என்று ஒரு துள்ளல் பாட்டு போட்டார்கள், ஊரே முணுமுணுத்தது. இதோ பாட்டு ஜெயித்தது என்று எதிரணி எழுதி வைத்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் எலியும் பூனையுமாக இருந்த கட்சிகள் ஒரே கூட்டணியில் சேர்ந்தன. வாக்காளர்கள் 70 லட்சத்துக்கும் மேல் பதிவானார்கள். எண்ணும் இடத்தில் ஆள் வைக்க வேண்டுமென்றால் சட்டப்படி பதிவான கட்சி வேண்டும். அதற்கென்றே கையெழுத்து வாங்கிக் கட்சியைப் பதிவு செய்தார்கள். வாக்குச்சாவடிகளில் மேஜைதோறும் முகவர்கள் உட்கார்ந்து எண்ணிக்கையைத் தனியாகக் குறித்து, தங்கள் மையத்துக்கு அனுப்பினார்கள். அன்றிரவு அரசு அறிவிப்பு இழுத்தடித்தது, பினோச்சே முன்னிலை என்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எண்களை விட்டது. ‘கூடாது’ அணியின் கையில் சொந்தக் கணக்கு இருந்தது. நள்ளிரவு வாக்கில் விமானப்படைத் தளபதி மத்தேய் அரண்மனைக்குள் நுழையும்போதே, ‘கூடாது’ வென்றுவிட்டதாகத் தெரிகிறது என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். இறுதிக் கணக்கு சுமார் 56 சதவீதம். அந்த முகவர்கள் கணக்கு எழுதாமல் பாட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால், அன்றிரவு அறிவித்த எண்தான் வரலாறாகியிருக்கும்.

நடுவர் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. இன்னும் ஒரே நிமிடம். பாட்டு ஒன்றும் செய்யாது என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஆல்பனி சிறையில் இருந்த பெர்னிஸ் ஜான்சன் ரீகன் பின்னாளில் பாடகியாகவும் வரலாற்றாசிரியராகவும் ஆனவர். அந்தப் பாட்டு தனக்குள்ளே எதைத் திறந்துவிட்டது என்று வாழ்நாளெல்லாம் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் இன்றைய தலைப்பு மனிதருக்குள் நடக்கும் மாற்றத்தைப் பற்றியது இல்லை. சமூகம் மாறியதா, சட்டம் மாறியதா, வரி போனதா, கடை திறந்ததா என்பது.

அடுத்து எதிரணியிலிருந்து ஒரு தம்பி பேச வருகிறார். அவருக்கு நான் ஒரே ஒரு கேள்வியை விட்டுப்போகிறேன். ஆல்பனியிலும் பர்மிங்ஹாமிலும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ஓர் ஊரில் ஏன் தோற்றார்கள்? தம்பி நாற்காலியை எண்ணிய வாக்கர் பேரைச் சொல்லாமல் பதில் சொல்லிவிட்டால், தீர்ப்பை நடுவர் ஐயா அந்தப் பக்கமே கொடுக்கட்டும்; நான் எதிர்க்கவில்லை. வணக்கம்.